கால்நடை உதவியாளர் பயிற்சி: பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் வசிக்கிறோம். தமிழ் வழியில் பிளஸ் டூ வரை உயிரியல் படித்தேன். நீட் தேர்வில் கால்நடை மருத்துவத்துக்குப் போதிய தரவரிசை கிடைக்கவில்லை. வீட்டில் மூன்று கறவை மாடுகளும் சில ஆடுகளும் இருப்பதால் இந்தத் துறையிலேயே இருக்க ஆசைப்படுகிறேன். கோவையிலுள்ள ஒரு நிறுவனம் ஆறு மாதத்தில் 'கால்நடை மருத்துவ உதவியாளர் டிப்ளமோ' தருவதாகச் சொல்கிறது. வகுப்பெல்லாம் செல்போனிலேயே நடக்கும், அரசு வேலை உறுதி என்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டுமாம். இந்தச் சான்றிதழ் கேரளம், தமிழ்நாடு இரண்டிலும் செல்லுமா? எந்தப் பயிற்சி நல்லது? பெண் பிள்ளைக்கு இது ஏற்ற வேலையா என்று அம்மா தயங்குகிறார். பின்னாளில் இதிலிருந்து டாக்டர் ஆக முடியுமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் கடைசிக் கேள்விக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். உதவியாளராக எத்தனை ஆண்டு வேலை பார்த்தாலும், அந்த அனுபவத்தைக் காட்டி மருத்துவராகப் பதிவு செய்துகொள்ள முடியாது. அதற்கு, உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு நடக்கும் பி.வி.எஸ்சி. பட்டம் வேண்டும். கேரளத்தில் அந்த இடங்கள் நீட் தரவரிசையின்படி நிரப்பப்படுகின்றன. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்பட்டாலும், அவை அந்த மாநிலத்தைச் சேர்ந்தவர்களுக்கானவை. வீட்டில் தமிழ் பேசுவதால் மட்டும் அந்த உரிமை வந்துவிடாது. இன்னொரு முறை நீட் எழுதும் எண்ணம் இருந்தால், அதை இந்தப் பயிற்சியோடு கலக்காமல் தனியாக முடிவு செய்யுங்கள். உதவியாளர் வேலையை டாக்டர் ஆவதற்கான குறுக்கு வழியாக நினைத்து வருபவர்கள்தாம் பெரும்பாலும் ஊரில் பையைத் தூக்கிக்கொண்டு தாங்களே ஊசி போடக் கிளம்பிவிடுகிறார்கள்.

சான்றிதழைப் பற்றிப் பேசுவதற்கு முன் சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1984ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், தன் 30ஆவது பிரிவில், பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே மருத்துவம் செய்யலாம் என்று விதிக்கிறது. அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. கால்நடைத் துறையோ கால்நடை மருத்துவ நிறுவனமோ வழங்கிய டிப்ளமோ அல்லது சான்றிதழ் பெற்ற உதவியாளர்கள், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலும் வழிகாட்டுதலிலும் தடுப்பூசி போடுதல், காயடித்தல், புண்ணுக்கு மருந்து கட்டுதல் போன்ற முதல்நிலைப் பணிகளைச் செய்வதற்கு மாநில அரசு ஆணையிட்டு அனுமதிக்கலாம். இதில் மேற்பார்வை, மாநில அரசின் ஆணை என்ற இரண்டையும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விகளில் பாதிக்கு இவையே விடை.

மேற்பார்வை எதற்கு என்பதற்கு நம் பக்கத்தில் அடிக்கடி நேரும் ஒன்றையே சொல்கிறேன். கன்று போட்ட மறுநாள் நல்ல கறவைப் பசு எழ முடியாமல் படுத்து, காது சில்லிட்டு, கழுத்தை விலாப் பக்கம் மடித்துக்கொள்ளும். இது பால் காய்ச்சல், அதாவது இரத்தத்தில் கால்சியம் குறைந்த நிலை. கால்சியத்தை நரம்பில் ஏற்றினால், செத்துவிடும் என்று நினைத்த மாடு பெரும்பாலும் சிறிது நேரத்தில் எழுந்து நிற்கும். பார்ப்பவர்களுக்கு இதைவிட எளிதான வைத்தியம் இல்லை என்று தோன்றும். ஆனால் அதே பாட்டிலை வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுபோகும். ஏற்றும்போது இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மாடு இறந்துவிட்டால் காப்பீடும் கிடைக்காமல், ஊரில் தலைகாட்டவும் முடியாமல் நிற்பது ஊசி போட்ட உதவியாளர்தான்.

அடுத்து, மாநில ஆணை. இரு மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடியையும் மீனாட்சிபுரத்தையும் தாண்டி மாடுகள் தினமும் போய் வருகின்றன. பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய மாடு மறுநாள் கேரளப் பக்கத்து வடகரப்பதியில் கறக்கப்படுகிறது. உதவியாளருக்கான அனுமதியோ அந்தந்த மாநில அரசு தருவது. ஆகவே கோவையில் வாங்கும் ஒரு தனியார் டிப்ளமோ கேரள அரசு வேலைக்குத் தானாகச் செல்லுபடியாகும் என்று எவரும் உறுதி கூற முடியாது. அது தமிழ்நாட்டு அரசு வேலைக்குத் தகுதியாவதும் சந்தேகமே. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்பு உதவியாளர் பணிக்குப் பள்ளிப் படிப்பே அடிப்படைத் தகுதியாக இருந்துவருகிறது. கால்நடை ஆய்வாளர் பணிக்குத் துறையே பயிற்சி அளித்துவந்திருக்கிறது. கேரளத்தில் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டர் பணிக்கு மாநில அரசுப் பணியாளர் தேர்வாணையம், அதாவது நாம் சொல்லும் பி.எஸ்.சி., அறிவிக்கை வெளியிட்டு ஆள் எடுக்கிறது. என்னென்ன படிப்பு செல்லும் என்று அந்த அறிவிக்கையிலேயே எழுதியிருக்கும். பி.எஸ்.சி. இணையதளத்தில் கிடைக்கும் பழைய அறிவிக்கைகளை எடுத்து, தகுதி என்ற பத்தியை ஆங்கிலம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். அந்தப் பத்தியில் இல்லாத ஒரு படிப்புக்கு அரசு வேலை உறுதி என்று சொல்பவர், தன் கையில் இல்லாத ஒன்றை உங்களுக்கு விற்கிறார்.

இடையில் ஒன்று: உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பத்தாம் வகுப்பு முடித்து நிற்கும் பிள்ளைகள் இருந்தால், தொழிற்கல்வி மேல்நிலையில் கால்நடை சார்ந்த பிரிவு எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். ஆந்திரத்தில் திருப்பதியிலுள்ள ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகம், பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இரண்டாண்டு கால்நடை பாலிடெக்னிக் டிப்ளமோவே நடத்துகிறது. சித்தூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது நல்ல வழி. நம் பக்கம் அவ்வளவு நேரான பாதை இல்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

பிளஸ் டூ முடித்துவிட்ட உங்களுக்கு நான் பரிந்துரைப்பது, தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ் இந்திய வேளாண் திறன் மன்றம் வகுத்திருக்கும் பாடத்திட்டங்களில் ஒன்று. கால்நடை நலப் பணியாளர், செயற்கைமுறைக் கருவூட்டல் பணியாளர் என்ற பெயர்களில் அவை உள்ளன. இந்தச் சான்றிதழும் அரசு வேலையைக் கையில் கொடுத்துவிடாது. ஆனால் பாடத்திட்டம் வெளிப்படையாக இருக்கும், தேர்வை வெளியாள் நடத்துவார். சினை ஊசிப் பணியில் உங்களுக்கு விருப்பம் இருந்தால், ராஷ்ட்ரிய கோகுல் திட்டத்தின் கீழ் 'மைத்ரி' என்ற பெயரில் மூன்று மாதப் பயிற்சி இருக்கிறது. அதில் ஒரு பங்கு வகுப்பறை, பெரும்பங்கு களம். கேரள கால்நடை வளர்ச்சி வாரியத்தின் பயிற்சி மையமும் காளைப் பண்ணையும் உங்களுக்குப் பக்கத்தில் தோணி என்ற ஊரிலேயே இருக்கின்றன. அடுத்த பயிற்சி எப்போது, யாருக்கு என்று நேரில் போய்க் கேட்பதற்குப் பேருந்துக் கட்டணம் மட்டுமே செலவு.

இனி, செல்போனில் படிக்கும் பயிற்சி. உடற்கூறு, நோய்களின் பெயர், மருந்துகளின் வகை எல்லாவற்றையும் செல்போனில் படிக்கலாம், தவறில்லை. ஆனால் கால்நடை மருத்துவரான எனக்கு உதவியாளராக வருபவரிடம் நான் எதிர்பார்ப்பது கையும் கண்ணும் பழகியிருக்க வேண்டும் என்பதைத்தான். என்னிடம் வேலை பார்ப்பவர் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவர். ஒருநாள் காலையில் தீனி எடுக்கவில்லை என்று ஒரு கலப்பினப் பசுவைக் கொண்டுவந்தார்கள். வண்டியிலிருந்து பலகை வழியாக இறக்கும்போது அது தயங்கித் தயங்கி முனகியதையும், முன்னங்கால் முட்டிகளை வெளிப்பக்கம் அகட்டி முதுகைக் கூனி நின்றதையும் அவர் கவனித்திருந்தார். "சார், இறக்கத்துல வலிக்குது, ஏத்தத்துல சும்மா வருது" என்று மட்டும் சொன்னார். தீனியோடு விழுங்கிய கம்பித் துண்டு இரண்டாம் இரைப்பையைக் குத்தி இதயத்தை நோக்கிப் போகும்போது மாடு அப்படித்தான் நிற்கும். பரிசோதனையை நான் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிட்டது. அவர் நோயின் பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. கண்ணால் கண்டதைத் துல்லியமாகச் சொன்னார். இப்படிப் பார்க்கும் பழக்கம் பல நூறு மாடுகள் ஏறி இறங்குவதைக் கண்டால்தான் வரும்.

அதனால் எந்தப் பயிற்சியானாலும், அதில் நீங்கள் என்ன செய்து பழகப் போகிறீர்கள் என்பதைப் பாருங்கள். தெர்மாமீட்டர் வைப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசனவாயில் செருகிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். அதன் முனை சாணத்துக்குள் நின்றால் காட்டும் அளவு தவறாக இருக்கும். லேசாகச் சாய்த்து, குடல் சுவரைத் தொடும்படி பிடித்துக் காத்திருக்க வேண்டும். மாட்டுக்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு என்று தெரிந்திருந்தாலும், உச்சி வெயிலில் நடத்திக் கூட்டிவந்த மாட்டைச் சற்று நேரம் நிழலில் நிறுத்திய பிறகே அளக்க வேண்டும் என்பதைக் களத்தில்தான் கற்றுக்கொள்வீர்கள். இடப்பக்க விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்து அசைபோடும் இரைப்பையின் புரளலை எண்ணுவதும், காளைக்கன்றைக் கயிற்றாலேயே நோகாமல் சாய்த்துப் படுக்க வைப்பதும், கடிக்கும் நாய்க்கு வாய்க்கட்டுப் போடுவதும் அப்படியே.

மருத்துவமனைக்குள் இருக்கும் வேலை இதைவிடக் கவனம் கேட்பது. தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். ஐஸ் கட்டியோடு ஒட்டிக் கிடந்து உறைந்துபோன காணை (கோமாரி) நோய்த் தடுப்பூசி பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊர் முழுக்க நடக்கும் அந்தத் தடுப்பூசி முகாமில், குளிர்பெட்டியைச் சுமக்கும் உதவியாளரின் அக்கறையில்தான் பாதிப் பலன் இருக்கிறது. அறுவைக் கருவிகளை ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கிருமிநீக்கிக் கலத்தில் 121 டிகிரி செல்சியஸில் வைத்து எடுப்பது, பயன்படுத்திய ஊசிகளைக் குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பாவில் போடுவது, மாட்டின் அடையாளக் காதுத் தோட்டிலுள்ள பன்னிரண்டு இலக்க எண்ணைப் பிழையின்றிப் பதிவு செய்வது, என்றைக்குக் கன்று போட்டது, சாணம் எப்படி, பால் எவ்வளவு குறைந்தது என்று வளர்ப்பவரிடம் பொறுமையாகக் கேட்டு எழுதுவது ஆகியவையும் உங்கள் வேலையே.

உங்கள் உடல் பாதுகாப்பைப் பற்றி ஒரு பயிற்சி முதல் வாரத்திலேயே பேசவில்லை என்றால் அதை விட்டு வெளியே வந்துவிடுங்கள். விலங்கைத் தொடும் வேலை என்றால், கடிபடுவதற்கு முன்பே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று தவணை. நாயைக் கண்டால் எல்லோரும் எச்சரிக்கையாக இருப்பார்கள். மாட்டிடம் அப்படி இருப்பதில்லை. மாடு எச்சில் ஒழுக நிற்கிறது, விழுங்க முடியவில்லை என்றதும், மாங்கொட்டையோ தேங்காய்த் துண்டோ தொண்டையில் சிக்கியிருக்கும் என்று கையுறை இல்லாமல் வாய்க்குள் கையை விடுவது நம் ஊர்ப் பழக்கம். வெறிநோய் கண்ட மாடும் அதேபோலத்தான் நிற்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை வாய்க்குள் கை போகக் கூடாது. கடியோ, காயத்தில் எச்சிலோ பட்டுவிட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பே தடுப்பூசி போட்டிருந்தாலும் இதில் விலக்கு இல்லை.

கன்று வீசிய, அதாவது கருச்சிதைந்த, மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடுவதும் அப்படியே. புரூசெல்லா கிருமி அந்த வழியாக மனிதருக்கு ஏறி, மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சலையும் மூட்டு வலியையும் தரும். நான்கு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுகளுக்குப் போடும் புரூசெல்லா தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. அந்த ஊசி தவறி விரலில் குத்தினால் உங்களுக்கே நோய் வரலாம். பெண் என்பதால் இன்னொன்றையும் தனியாகச் சொல்ல வேண்டும். மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் புரோஸ்டாகிளாண்டின் வகை ஊசி மருந்து தோல் வழியாகவே உடலில் ஏறும். கர்ப்பிணிகளுக்கு அது கருச்சிதைவை உண்டாக்கக்கூடும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறல் தரும். அதைக் கையுறையோடுதான் எடுக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் அந்த மருந்தையும், எக்ஸ்ரே அறையையும், பூனையின் மலத் தட்டையும் விட்டுத் தள்ளியிருக்க வேண்டும். இதை வேலை கொடுப்பவரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள்.

உங்கள் அம்மாவின் தயக்கம் நியாயமானது. அதை வாதாடி வெல்ல முயல வேண்டாம். இது பெண்ணால் முடியாத வேலை என்பது உண்மையல்ல. ஒரு பசுவை அடக்கி நிறுத்துவது உடல் பலத்தால் நடப்பதில்லை. டிராவிஸ் என்ற, மாட்டை நிறுத்திவைக்கும் சட்டத்துக்குள் ஏற்றும் விதம், கயிற்றின் முடிச்சு, மாட்டின் கண்ணில் படும்படி தோள் பக்கமாக அணுகுவது ஆகியவையே அதைச் செய்கின்றன. வீட்டில் பால் கறக்கும் அம்மாவுக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அவருடைய உண்மையான கவலை, இரவில் கன்று ஈனும் கேஸுக்கு யாரோடு போவாள், மருத்துவமனையில் உடை மாற்ற இடம் உண்டா, துணைக்கு இன்னொரு பெண் இருப்பாளா என்பதாக இருக்கலாம். அந்தக் கேள்விகளை வேலைக்குச் சேரும் இடத்தில் அவரையே கூட்டிப்போய்க் கேட்கச் சொல்லுங்கள். சுயஉதவிக் குழுப் பெண்களைக் கால்நடைச் சேவைக்குப் பழக்கும் 'ஏ-ஹெல்ப்' என்ற மத்தியத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. உங்கள் அம்மா கேரளத்தின் மகளிர் சுயஉதவிக் குழு அமைப்பான குடும்பஸ்ரீயில் உறுப்பினராக இருந்தால், உங்கள் பஞ்சாயத்தில் அது நடக்கிறதா என்று அவரே விசாரிக்கலாம்.

வேலை எங்கே கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதே அதைப் பொறுத்தது. கோவையிலும் திருச்சூரிலும் செல்லப் பிராணி மருத்துவமனைகள் பெருகிவருகின்றன. அங்கே நாய், பூனையைப் பிடிக்கவும், ட்ரிப் ஓடுவதைக் கவனிக்கவும், அறுவை முடிந்த பிராணி மயக்கம் தெளியும்வரை பக்கத்திலேயே இருக்கவும் ஆள் தேடுகிறார்கள். சான்றிதழைவிட ஒரு மாதம் வேலை செய்து காட்டுவதையே அவர்கள் பார்க்கிறார்கள். கிராமப்புறத்தில் 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளில் மருத்துவரோடு ஓர் உதவியாளரும் போகிறார்; பெரும்பாலும் ஒப்பந்தப் பணி. பெரிய பண்ணைகளுக்கும் பால் சங்கங்களுக்கும் ஆள் தேவை உண்டு. மாட்டு வேலையா, நாய் பூனை வேலையா என்பதை முதலில் முடிவு செய்தால், எந்தப் பயிற்சி வீண் என்பது தானே தெரிந்துவிடும்.

பணம் கட்டுவதற்கு முன் உங்கள் பஞ்சாயத்து மிருகாசுபத்திரி டாக்டரைப் பார்த்து, அடுத்த தடுப்பூசி முகாமில் சில நாள் கூட வந்து மாடு பிடிக்கலாமா என்று அனுமதி கேளுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் மறுக்க மாட்டார்கள், ஆள் பற்றாக்குறை அப்படி. மலம்புழாவிலுள்ள அரசு கால்நடைப் பயிற்சி மையத்தில் விவசாயிகளுக்கு நடக்கும் குறுகிய வகுப்புகளிலும் போய் உட்காருங்கள். சாணம், சீழ், இரத்தம் இவற்றின் நடுவே ஒரு வாரம் நின்ற பிறகும் ஆசை குறையவில்லை என்றால் மேற்கொண்டு படியுங்கள். கூடவே மலையாளம் எழுதப் பழகிக்கொள்ளுங்கள். பேச உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் ஓ.பி. பதிவேடும் துறைச் சுற்றறிக்கையும் மலையாளத்தில் இருக்கும்.

அந்தக் கோவை நிறுவனத்துக்கு இந்த வாரமே ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். பாடம் நடத்தும் கால்நடை மருத்துவரின் பெயரும் மாநில மன்றப் பதிவு எண்ணும் என்ன, செய்முறைப் பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை நாள், சான்றிதழை வழங்கும் அமைப்பு எது, எந்த அரசு அறிவிக்கையில் அந்தச் சான்றிதழின் பெயர் இருக்கிறது, நடுவில் விலகினால் பணம் திரும்புமா என்று கேளுங்கள். அங்கே படித்து முடித்த இருவரிடம் பேச வேண்டும் என்றும் எழுதுங்கள். அசல் மதிப்பெண் பட்டியலை எக்காரணம் கொண்டும் அவர்களிடம் கொடுக்க வேண்டாம். எழுத்தில் பதில் வராவிட்டால், மாதக் கடைசி என்ன, வருடக் கடைசி வந்தாலும் பணம் கட்டாதீர்கள். வந்த பதில் உங்களுக்குப் புரியாவிட்டால் அதை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.